காயாத தலை

இலத்தூர் சிவனணைந்தபெருமாளின் தலை பதினோரு வருஷமாகக் காயவில்லை. போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நிமிர்ந்த முதுகு. ஒரே மகள் மஞ்சு, பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்த ஜெபசிங்கைத் தென்காசி சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்ட அன்று, அவர் சொந்தக்காரர்கள் நாலு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போய் அவளுக்குத் தலை முழுகினார். உயிரோடு இருக்கும் மகள் செத்துவிட்டாள் என்று ஊருக்குச் சொல்ல அதுதான் முறை. சாரல் காலம், அருவியில் நல்ல தண்ணீர்.

துவட்டினார், வெயிலில் நின்றார், காயவில்லை. அன்றிலிருந்து முடி நுனியில் நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. தலையணைகள் மக்கின. சித்திரையிலும் அவர் நாற்காலியைச் சுற்றிப் புல் முளைத்தது. ஊர் பழகிக்கொண்டது, பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கையைக் காலியாக விட்டார்கள். மானத்தைக் காத்தவனுக்கு ஈரம் ஒரு குறையா என்று அவர் நினைத்துக்கொண்டார்.

போன ஐப்பசியில் மஞ்சு காமாலை கண்டு இறந்தாள். சேதி கொண்டுவந்தவரிடம் நாற்காலியை விட்டு எழாமலே சொன்னார்: "அவளுக்கு நான் அப்பமே முழுகிட்டேன். ஒரு சாவுக்கு ரெண்டு தடவ முழுகுத வழக்கம் எங்க குடும்பத்துல கெடையாது." அதற்குப் பிறகு நெற்றி வழியாக வாய்க்கு வந்த தண்ணீர் உப்புக் கரித்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஜெபசிங் டெம்போவைத் தெருமுனையில் நிறுத்தினான். அவன் மகள், ஒன்பது வயது பெர்சிஸ் மட்டும், மஞ்சுவின் துண்டோடு வாசலுக்கு வந்தாள்.

"தாத்தாவுக்கு ஒழுங்காத் தொவட்டத் தெரியாதுன்னு அம்மா சொல்லுவா."

"வந்த வழியே போட்டி. இங்கன ஒனக்கு யாரும் கெடையாது."

"போயிருதேன். மொதல்ல குனிங்க, எட்டல."

எந்த அதிகாரிக்கும் வளையாத கழுத்து. எதிர்வீட்டு வாசலில், அன்று அருவியில் சாட்சி நின்றவர்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்தால் அன்றைய முழுக்கு செல்லாது என்று அவருக்குத் தெரியும். குனிந்தார்.

அவள் போனபின் தொட்டுப் பார்த்தார். இடது காதுக்கு மேல் ஒரு நெல்மணி அளவு காய்ந்திருந்தது.

இப்போது சனிக்கிழமைதோறும் வருகிறாள். ஒவ்வொரு தடவையும் ஒரு நெல்மணி. இந்தப் போக்கில் தலை முழுதும் காய இருபது வருஷமாகும். அவருக்கு வயது எழுபத்தொன்று. அதனால் டெம்போ சத்தம் கேட்டதுமே குனிந்துகொள்கிறார். ஜெபசிங்கை இதுவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அவன் தெருமுனையில் நின்று, மகள் கொண்டுவரும் ஈரத் துண்டைப் பிழிந்து டெம்போ கம்பியில் போடுகிறான். பாவூர்சத்திரம் போய்ச் சேருவதற்குள் அது காய்ந்துவிடுகிறது.