இரண்டு விரல் அகலப் பட்டை

தையல்கார அக்கா மதிலுக்கு மேலே கூடையை நீட்டியதும் நாற்றுக்காரன் ஓரடி பின்னால் போனான்.

"புடிங்க தம்பி, கை வலிக்குது. எல்லாம் உங்க கைராசி."

கூடை நிறைய ஆரஞ்சு. இத்தனை வருஷமாகப் பேருக்கு நாலு காய் காய்த்துக்கொண்டிருந்த மரம், இந்த முறை கிளை தாங்காமல் காய்த்துத் தொங்கியது. காய்க்காத மரம் எதற்கு, வெட்டிவிட்டு வண்டிக்குக் கொட்டகை போடலாம் என்று ஒற்றைக்காலில் நின்ற அவள் மகன் இப்போது வாயைத் திறப்பதில்லை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மகளின் பிரசவத்துக்குப் போனபோது பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சாவியைக் கொடுத்துத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன், என்ன வைத்தியம் பண்ணினாரோ, மரம் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பண்ணிய வைத்தியம் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அவன் பிழைப்பே நாற்றுதான். மதிலோரமாகத் தட்டுத் தட்டாகத் தக்காளி, மிளகாய், கத்தரி. அந்த மரத்தின் நிழலோ காலை வெயிலை முழுசாக விழுங்கிவிடும். வெயில் கிடைக்காத நாற்று சும்மா இருக்காது. வெளிச்சம் எங்கே, எங்கே என்று கழுத்தை நீட்டி, வெளுத்து, நூலாக வளர்ந்து, கடைசியில் சாய்ந்து படுத்துவிடும். வாங்க வந்தவர்கள் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். எப்படியும் மகன் வெட்டப்போகிற மரம்தானே என்று ஒரு சமாதானம் வேறு. பெரிய கெட்டவன் ஒன்றும் இல்லை. கேட்பதற்குக் கூச்சப்பட்டவன் அறுப்பதற்குக் கூச்சப்படவில்லை, அவ்வளவுதான்.

அக்கா ஊரில் இல்லாத ஒரு காலையில், அவள் கொடுத்த சாவியாலேயே கேட்டைத் திறந்தான். மரத்தின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் உரித்து, வெள்ளைக் கட்டை தெரியும்வரை சுரண்டினான். மேலே எருவையும் சருகையும் குவித்து மூடிவிட்டு வந்தான்.

மரத்துக்குச் சமையல் நடப்பது இலையில். அங்கே ஆக்கியது பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும். தண்ணீர் உள்ளே இருக்கும் கட்டை வழியாக மேலே ஏறும். பட்டையை அறுத்துவிட்டால் வேர் பாவம், தண்ணீரை அனுப்பிக்கொண்டே இருக்கும், அதற்கு மட்டும் சாப்பாடு வராது. இறங்க வழியில்லாமல் மேலே தேங்கிய சர்க்கரையெல்லாம் பூவுக்கும் காய்க்கும் போகும். வேர் தன்னிடம் இருந்த சேமிப்பைத் தின்று தீர்த்ததும் மரமும் போய்விடும். இதெல்லாம் தெரிந்துதான் செய்தான். சாகப்போகிற மரம் இப்படி அள்ளிக் கொடுக்கும் என்பதைத்தான் யோசிக்கவில்லை.

வீட்டில் அவன் மகள் சுளை சுளையாகப் பிய்த்துத் தின்றாள். "தேன் மாதிரி இருக்குப்பா! நீங்க ஏன் தொடவே மாட்டேங்குறீங்க?"

"பல்லு கூசுதும்மா."

மனசு கூசுவதைப் பல்லின் மேல் போட்டான்.

அது போதாதென்று எதிர்வீட்டுப் பெரியவர் வாசலில் வந்து நின்றார். "அந்தம்மா மரத்துக்குப் பண்ணின வைத்தியத்த எங்க எலுமிச்சைக்கும் பண்ணிவிடுங்களேன்." அவன் நாற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

பிறகு ஒரு நாள் அக்கா மதிலருகே வந்தாள். "தம்பி, உச்சிக் கிளையில இலையெல்லாம் மஞ்சளாவுது. இவ்ளோ காய்ச்ச களைப்போ என்னவோ. அடியில கொஞ்சம் கிளறிவிட்டு எரு போடட்டுமா?"

களைப்புதான் என்று சொன்னால் கதை முடிந்தது. காய்த்த களைப்பில் போய்விட்டது என்று தெருவே நம்பும். நாற்றுக்கு வெயிலும் வந்துவிடும். ஆனால் அவன் கத்தியை எடுத்துக்கொண்டு கேட் வழியாகச் சுற்றி உள்ளே போனான். மண்டியிட்டு, சருகைக் கையாலேயே விலக்கினான். அறுத்த இடத்துக்கு மேலே பட்டையின் விளிம்பு உதடு மாதிரி தடித்து, கீழ்ப்பட்டையைத் தொடப் பார்த்து, எட்டாமல் நின்றிருந்தது.

அக்கா குனிந்து பார்த்தாள். "ஐயோ, எலி கடிச்சிருக்கா?"

தப்பிக்க அவளே வழி காட்டினாள், பாவி மகள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"எலி இல்லக்கா. நான்தான். நிழல் விழுதுன்னு, நீங்க ஊருக்குப் போனப்ப அறுத்துட்டேன்."

தையல்காரி கை, அதுபாட்டுக்கு அறுத்த இடத்தில் இரண்டு விரலை வைத்து அளந்து பார்த்தது.

"பொழைக்குமா?"

"வேர்ல இன்னும் உயிர் இருக்கு. இதே மரத்துக் குச்சிய மேல்பட்டைக்கும் கீழ்ப்பட்டைக்கும் பாலம் மாதிரி ஒட்டுக்கட்டிப் பாக்கலாம். ஒட்டிக்கிட்டா சாப்பாடு இறங்கும். ஒட்டலன்னா…" அவன் கிளையை அண்ணாந்து பார்த்தான். "எப்படியும் காயை எல்லாம் இப்பவே பறிச்சிடணும்க்கா, இருக்குற சத்து மரத்துக்கு வேணும். பிஞ்சுகூட மிச்சம் வைக்கக் கூடாது."

அவள் உள்ளே போனாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தான். பழைய துணியோடு வந்து உட்கார்ந்து, பட்டை பட்டையாகக் கிழித்துக் கொடுத்தாள். அவன் குச்சியின் இரு முனையையும் சீவி, பட்டைக்குள் செருகிச் செருகி இறுகக் கட்டினான். மரத்தைச் சுற்றிலும் அப்படியே வைத்து முடித்தான். அப்புறம் இருவரும் காயைப் பறித்தார்கள். சுண்டைக்காய் அளவுப் பிஞ்சைக்கூட விடவில்லை. மரம் மொட்டையாக நின்றது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ரெண்டு கிளையக் கழிச்சு விட்டிருப்பேனே" என்றாள் அக்கா. அந்தப் பேச்சில் 'தம்பி' இல்லை.

"தெனம் வந்து கட்டுல ஈரம் பாக்கணும்க்கா."

"வாங்க. நான் வீட்ல இருக்கும்போது வாங்க."

பழக்கூடையைக் காலால் அவன் பக்கம் நகர்த்தினாள். "இதையும் எடுத்துட்டுப் போங்க. எனக்குத் தொண்டையில இறங்காது."

வீட்டு வாசலிலேயே மகள் கூடையில் கையை விட்டாள். அவன் படியில் உட்கார்ந்து, முதல் முறையாக ஒன்றை உரித்துச் சுளையை வாயில் போட்டான். அவள் சொன்னது உண்மைதான், அப்படி ஒரு இனிப்பு. விழுங்க முடியாமல் வெகுநேரம் அதை வாயிலேயே வைத்திருந்தான்.