இடப்பக்கம் திருப்பினால் வரும் சத்தம்

கார் என் பெயரில்தான் இருக்கிறது. பக்கவாதம் வந்து படுத்தவர்களுக்கும் இடுப்பெலும்பு உடைந்தவர்களுக்கும் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பது என் தொழில். ஒரு வீடு ஊரின் இந்த மூலை என்றால் அடுத்த வீடு அந்த மூலை. கார் நின்றால் என் பிழைப்பும் நிற்கும். இதை என் வீட்டுக்காரருக்குப் பலமுறை படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்.

கம்பெனி வாரண்டி முடியப்போகும் சமயம், ஷோரூமிலிருந்து விடாமல் போன் வந்தது. பழையது முடிவதற்குள் கூடுதல் வாரண்டி வாங்கிவிட வேண்டும், அதற்கு முன் வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்றார்கள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். கொஞ்ச நாளாக ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் கறக் கறக் என்று ஒரு சத்தம். வலப்பக்கம் திருப்பினால் வண்டி பரம சாது.

அன்று எனக்கு ஓய்வில்லை. சாவியை அவரிடம் கொடுத்தேன்.

“அந்தச் சத்தத்த மறக்காம சொல்லிடுங்க. இப்பவே சொன்னா கம்பெனியே இலவசமா சரி பண்ணிக் குடுத்துடும்.”

“எனக்குத் தெரியாதா? நீ கெளம்பு.”

சாயங்காலம் கோட்டையைப் பிடித்தவர் போல வந்தார். கூடுதல் வாரண்டி வாங்கியாயிற்று.

“சத்தத்துக்கு என்ன சொன்னாங்க?”

“பயப்பட ஒண்ணுமில்லையாம். போகப் போக சரியாயிடுமாம்.”

நம்பினேன். கட்டிய புருஷன் சொன்னதை ஷோரூமுக்குப் போன் போட்டா சரிபார்க்க முடியும்? முடியும் என்று இப்போதுதான் உறைக்கிறது.

சில மாதம் கழித்து, ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு வாத்தியார் வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்டியரிங் இறுகிக்கொண்டது. அங்கே பஸ் கிடையாது. பக்கவாதம் வந்த அவர் கை அப்போதுதான் ஸ்பூனைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. பயிற்சி நின்றால் விரல்கள் மறுபடி மடங்கிவிடும்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் இருவருமாக ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். சர்வீஸ்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“ஸ்டியரிங்க முழுசா மாத்தணும் மேடம். ஆனா வாரண்டியில வராது. உள்ள தேஞ்சிருக்கறதப் பாத்தா ரொம்ப நாளாவே சத்தம் வந்திருக்கணும். புது வாரண்டிக்கு முன்னாடியே இருந்த கோளாறுக்கு அது செல்லாது. பழசு இருந்தப்பவே சொல்லியிருந்தா நாங்களே மாத்தியிருப்போம்.”

“இவர்தான் சொன்னாரே.”

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். “சார் ஒண்ணும் சொல்லலையே. அன்னிக்கு நான்தான் ஓட்டிப் பாத்தேன். சார் பக்கத்துல உக்காந்து, இடப்பக்கம் ரோட்ட வெட்டிப் போட்டிருக்காங்க, ரைட்ல போங்க, ரைட்ல போங்கன்னாரு. சுத்தி ஷோரூமுக்கே வந்துட்டோம்.”

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். “கோளாறு தெரிஞ்சா வாரண்டி தர மாட்டாங்களோன்னு நெனச்சேன்.”

இலவசமாகச் சரி செய்யக் காத்திருந்தவர்களிடம் போய் மறைத்திருக்கிறார். எனக்கு ஆச்சரியமாக இல்லை. இதே வித்தைக்கு ஏமாந்தவள்தான் நானும்.

கல்யாணம் பேச எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, என் வீட்டுக்காரருடைய இடப்பக்கம் யார் போனாலும் என் மாமியார், “அங்க காத்து வராது, இப்படி வாங்க” என்று வலப்பக்கத்துக்கு இழுத்து உட்கார வைத்தார். என்ன கரிசனம் என்று என் அம்மா பூரித்துப்போனாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் இடப்பக்கம் படுத்துக்கொண்டு அவரிடம் என்னென்னவோ பேசினேன். பதிலே இல்லை. கோபம் போலிருக்கிறது என்று திரும்பிப் படுத்து அழுதேன். பிறகுதான் தெரிந்தது, சின்ன வயதிலேயே அவருக்கு இடது காது போய்விட்டதாம். காது கேட்காதது எனக்கு ஒரு குறையே இல்லை. என்னிடம் சொல்லாததுதான் இன்றுவரை ஆறவில்லை. ஆனாலும் அன்று முதல் நடந்தாலும் உட்கார்ந்தாலும் நான் அவருடைய வலப்பக்கம்தான்.

ஸ்டியரிங் மாற்ற இப்போதைக்கு எனக்கு வசதியில்லை. வாத்தியார் மனைவிக்குப் போன் செய்து, வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

“இவ்ளோ தூரம் வேற யாரும்மா வருவாங்க? காலையிலேர்ந்து வாசலையே பாத்துட்டிருக்காரு,” என்றார் அந்த அம்மா.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினோம். வழக்கம்போல அவர் ஜன்னலோரம் போய், வலப்பக்கம் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.

“இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க,” என்றேன்.

“எதுக்கு?”

“சும்மாதான்.”

அவர் தள்ளிக்கொண்டார். நான் ஜன்னலோரம், அவருடைய இடப்பக்கம், உட்கார்ந்தேன். குரலை உயர்த்தாமல், இத்தனை வருஷமாக மனதில் கிடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். முன் சீட்டுப் பெண் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் நேரே பார்த்தபடி, எல்லாம் கேட்டவர் போல, நடுநடுவே தலையாட்டிக்கொண்டு வந்தார்.