நனையாத கை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நீங்கள் வேறு யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். அம்மா வீட்டில் எனக்குக் கருநாக்கு என்று பட்டப்பெயர். சின்ன வயதில் பக்கத்து வீட்டு மாடிப்படியைப் பார்த்து, "இது ஒரு நாள் விழும்" என்றேனாம். மறு வாரமே விழுந்ததாம். அந்தப் படியில் கல்லைவிட ஓட்டை அதிகம் என்பதை மட்டும் யாரும் பேச மாட்டார்கள்.

என் கணவர் அட்டைப்பெட்டி கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தெருமுனைத் தையல் கடையில் ஆல்டரேஷன் வேலை. அடுத்தவர் சட்டையை இடுப்பில் பிடித்து, நீளம் குறைத்து, ஜிப் மாற்றிக் கொடுப்பேன். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவர் என்னை அதட்டியிருக்கிறார், முறைத்திருக்கிறார், இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறார். அடித்ததில்லை.

அன்றைக்கு அடித்தார். அவருடைய தங்கையும் தங்கை வீட்டுக்காரரும் வந்து தங்கியிருந்தார்கள். விடிகாலை. என் கணவருக்கு ஆறு மணி ஷிஃப்ட். சுபுஹு தொழுகைக்காக, எங்கள் மாடிப் போர்ஷனின் பின்பக்கக் குழாயடியில் அவசர அவசரமாக முகம், கை, கால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் எப்படி நானாக இருப்பேன்?

"என்னங்க இது, பூனை மூஞ்சி கழுவின மாதிரி? குதிகால் ரெண்டும் காஞ்சு கிடக்கு பாருங்க. தண்ணி பட்டா கரைஞ்சா போயிடுவீங்க?"

தங்கை வீட்டுக்காரர் களுக்கென்று சிரித்துவிட்டார். அடுத்த நொடி என் கன்னத்தில் விழுந்தது அறை. என் கணவர் கையில் ஒளுத் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வலியைவிட அந்த ஈரம்தான் எனக்கு முதலில் உறைத்தது. கழுத்து வழியாக ஜாக்கெட்டுக்குள் இறங்கியது.

நாங்கள் பின்பற்றுகிற மத்ஹபின் சட்டப்படி, ஒளு செய்தபிறகு புருஷன் கை பெண்டாட்டி மேல் பட்டாலும் சரி, பெண்டாட்டி கை புருஷன் மேல் பட்டாலும் சரி, ஒளு முறிந்துவிடும். திரும்ப முதலிலிருந்து கழுவ வேண்டும். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. திரும்ப ஒளுவும் செய்யவில்லை, தொழவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

நான் கதவை அறைந்து சாத்திவிட்டுச் சொன்னேன்: "அந்தக் கை வெளங்காமப் போகட்டும்!"

எத்தனை பெண்கள் சொல்கிற வார்த்தை அது! சொன்னதெல்லாம் பலிப்பதென்றால் எங்கள் தெருவில் பாதி ஆம்பிளைகளுக்குக் கையே இருக்காது. பத்து மணிக்குத் தையல் கடைக்குப் போன் வந்தது.

வலது முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடை மிச்சம். அதற்குக் கீழே இருந்ததைப் பிரஸ் எடுத்துக்கொண்டது. இவருடைய தம்பி அதை வெள்ளைத் துணியில் சுற்றிக் கபர்ஸ்தானில் ஒரு மூலையில் அடக்கிவிட்டு வந்தார். கழுவித்தான் அடக்கினீர்களா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் கேட்காமல் விழுங்கிய முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கைக்காக அழுதார்கள். "எப்படி உழைச்ச கை, தங்கமான கை" என்றார்கள். நானும் அழுதேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: என் கன்னத்தைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. தங்கைக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை. கை போன மனுஷன்மேல் எப்படிக் கோபப்படுவது? பட்டால் ஊர் என்ன சொல்லும்? கோபத்தை எங்கே இறக்கிவைப்பதென்று தெரியாமல் சுமந்துகொண்டே அவருடைய சட்டைகளுக்கு வலது கையைக் குட்டையாக்கித் தைத்துக் கொடுத்தேன். கோபம் ஒரு பக்கம், நான் சொன்னதுதான் பலித்துவிட்டதோ என்ற பயம் ஒரு பக்கம். சோறு இறங்கவில்லை.

புண் ஆறியதும் திரும்பத் தொழ ஆரம்பித்தார். பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"இருக்கறதைக் கழுவுங்க. முழங்கை இருக்கு, கொஞ்சம் மிச்சமும் இருக்கு. அது நனைஞ்சாப் போதும். இல்லாததுக்கு அல்லாஹ் கேள்வி கேக்க மாட்டான்."

இடது கையால் வலது மிச்சத்தைக் கழுவிக்கொள்வார். இடது கையைக் கழுவத்தான் இன்னொரு கை இல்லை. நான் மக்கில் மொண்டு விரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஊற்றுவேன். மேலே பட்டுவிடாமல் ஒரு சாண் தள்ளி நின்று ஊற்ற வேண்டும். பட்டால் திரும்ப முதலிலிருந்து. கொஞ்ச நாளில் பழகிவிட்டேன்.

ஒரு நாள் சாயங்கால அசர் தொழுகைக்கு ஊற்றி முடித்து மக்கை வைத்தேன்.

"ஊத்து" என்றார்.

"ஊத்திட்டேனே."

"கைக்கு ஊத்து."

"எந்தக் கைக்குங்க?"

அவர் மிச்சக் கைக்குக் கீழே, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் நனைஞ்சிடுச்சு. அது மட்டும் காஞ்சு கிடக்கு" என்றார்.

மக்கைத் திரும்ப எடுத்த எனக்கு எங்கே ஊற்றுவதென்று தெரியவில்லை.

டாக்டரிடம் கேட்டோம். நரம்பு செய்கிற வேலை, நிறைய பேருக்கு இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும் என்றார். சரியாகவில்லை. ஒவ்வொரு வேளையும் குழாயடியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். முகம் கழுவுவார், மிச்சத்தைக் கழுவுவார், தலையைத் தடவுவார், காலைக் கழுவுவார். எழுந்து இரண்டு அடி வைப்பார். "நனையல" என்று திரும்பிப் போய் உட்காருவார். தொழுகை நேரமே கடந்து போய்விடும். கால் விரலிடுக்கெல்லாம் வெளுத்துப் புண்ணாகிவிட்டது.

"உள்ளங்கை எரியுது. எதையோ பட்டுன்னு அடிச்சா எரியுமே, அந்த மாதிரி" என்றார் ஒரு தடவை. எதை அடித்தால் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் பார்த்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. அவர் எழுந்து போனபிறகு குழாயடிச் சிமெண்டுத் தரை முழுக்க நனைந்திருந்தது. அவர் வலது பக்கத்துக்குக் கீழே ஓர் உள்ளங்கை அகலம் மட்டும் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. ஒரு மக் தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன். தண்ணீர் விலகிச் சுற்றிக்கொண்டு ஓடியது. எண்ணெய் சிந்தியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பக்கம் தனியாகப் போவதைத் தவிர்த்தேன்.

கை போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அசர் நேரம். நாலாவது தடவையாகக் காலைக் கழுவியவர் குழாயை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"விட்டுடறேன்" என்றார்.

"என்னத்தை?"

"தொழுகையை. ஒளு இல்லாமத் தொழ முடியாது. எனக்கு ஒளு சேர மாட்டேங்குது. இனிமே என்னைக் கூப்பிடாதே."

கை போவதற்கு முன், அந்த ஒரு விடிகாலையைத் தவிர, நினைவு தெரிந்து ஒரு வேளை விட்டதில்லை அவர். காய்ச்சலில் படுத்துக்கொண்டே தொழுதவர். இதை விட்டுவிட்டால் அந்த மனுஷனிடம் என்ன மிச்சம் இருக்கும்? இனியும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றிவிட்டது.

"என்னாலதாங்க. அன்னைக்கு நீங்க போனதும் நான் சொல்லிட்டேன். அந்தக் கை வெளங்காமப் போகட்டும்னு."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "கேட்டுச்சு" என்றார்.

"என்ன?"

"படியிலதான் நின்னுட்டிருந்தேன். திரும்பி வரலாமா வேணாமான்னு. அப்போ சொன்னே."

பதினோரு மாதமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் காபி கொடுக்கும்போது தெரிந்திருக்கிறது, தண்ணீர் ஊற்றும்போது தெரிந்திருக்கிறது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"உன் வாய்க்கு அவ்வளவு சக்தி இருந்தா நம்ம வீட்டு ஓனர் என்னைக்கோ போயிருப்பாரு" என்றார். சிரிக்க முயன்றார், முடியவில்லை. "நீ சொன்னதுனால போகலை. உன் கன்னத்துல ஈரம் இருந்துச்சு பாரு, அதையேதான் நினைச்சுட்டிருந்தேன். அட்டை மாட்டிக்கிச்சு. மெஷினை நிறுத்தாமக் கையை விட்டேன். நிறுத்தணும்னு தோணவே இல்லை."

பிறகு மிகவும் மெல்லக் கேட்டார்: "நீ மன்னிச்சிட்டியா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் நானும் தொழுகைக்காக ஒளு செய்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

"இல்லை" என்றேன். "எல்லாரும் உங்க கைக்கு அழுதாங்க. நானும்தான் அழுதேன். எனக்குன்னு யாரு அழுதா? உங்க தங்கச்சி, மாப்பிள்ளை முன்னாடி அடிச்சீங்க. கோபம் அப்படியேதான் இருக்கு. மன்னிச்சேன்னு சொல்ல வாய் வரலைங்க. கையை நீட்டுங்க, தண்ணி ஊத்தறேன். என்னால முடிஞ்சது அதுதான்."

மிச்சக் கையை நீட்டினார். நான் மக்கில் மொண்டு, அது முடிகிற இடத்துக்கு அப்பால், காற்றில் ஊற்றினேன். மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில், உள்ளங்கை இருக்க வேண்டிய இடத்தில், விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில். ஒரு பைத்தியக்காரிபோல மூன்று தடவை. இன்னொரு கையை நீட்டி அந்த வெற்றிடத்தில் விரலிடுக்கையெல்லாம் கோதிவிட்டேன். அங்கே என் கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

அவர் கண்ணை மூடியிருந்தார். "நனையுது" என்றார்.

முறைப்படி மீதியை முடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டு அடி வைத்தார். திரும்பவில்லை. உள்ளே போய் விரிப்பை விரித்தார். நான் அவருக்குப் பின்னால், இரண்டு முழம் தள்ளி நின்றேன். தக்பீர் சொல்லிக் கைகளைக் கட்டினோம். மிச்சக் கை இடது கையின்மேல் அமைதியாகக் கிடந்தது.

முதல் ரக்அத்தில் அவர் குனிந்தார். நான் குனியப் போனேன். என் கன்னத்தில் ஒரு கை வந்து படிந்தது.

அடிக்கவில்லை. சொட்டச் சொட்ட ஈரமாக, சில்லென்று, ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிய அப்படியே இருந்தது. பெருவிரலில் பிரஸ் ஆட்களுக்கு இருக்கிற காய்ப்பு. தண்ணீர் தாடையில் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. அவர் எனக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தார். இவ்வளவு வாய் நீளமான எனக்கு ஒரு சத்தமும் எழும்பவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் முகத்தை நகர்த்திக்கொள்ளத் தோன்றவில்லை. அது தானாக எடுத்துக்கொள்கிற வரைக்கும் நின்றேன்.

பிறகு தொழுகையை விட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனேன். முதலிலிருந்து கழுவினேன். திரும்பி வந்தபோது அவர் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் பாதியில போயிட்டே?"

"ஒளு முறிஞ்சிடுச்சுங்க."

"எப்படி?"

"உங்க கை பட்டுடுச்சு."

முதலில் தன் இடது கையைப் பார்த்தார். அப்புறம் என் கன்னத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வலிச்சுதா?" என்று கேட்டார்.

"இப்ப இல்லை" என்றேன். "அன்னைக்கு வலிச்சுது."