பதினான்காம் தேதியின் முதல் வரி

ஜூன் பதினான்காம் தேதிப் பத்திரிகையில் 'இதே நாளில்' பகுதியிலிருந்து எந்த வரி விடுபட்டதோ, அந்தச் சம்பவம் அன்று மதியத்துக்குள் நடக்காததாகிவிடும். மற்ற தேதிகளுக்கு இந்த வழக்கம் கிடையாது. பதின்மூன்றிலும் பதினைந்திலும் பாதிப் பகுதியை வெட்டிப் பார்த்தார்கள். ஒரு மன்னரின் முடிசூட்டு விழா உட்பட எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஏன் இப்படி என்று யாரும் ஆராயவில்லை, பத்திரிகை ஆபீசில் அதற்கெல்லாம் நேரமில்லை.

அந்தப் பகுதியைத் தயாரித்தவரை ஊரில் தேதிக்காரர் என்பார்கள். ஆவண அறையில் முந்நூற்று அறுபத்தாறு தடுப்புகள் வைத்த மர அலமாரி அவர் பொறுப்பில் இருந்தது, தடுப்புக்கு ஒரு கட்டு அட்டை. தினமும் காலையில் மறுநாளின் அட்டைகளை எடுத்து, வரலாறு மேலே, பிறந்தநாள் நடுவில், விளையாட்டு கடைசியில் என்று அடுக்கிக் கீழே அனுப்புவார். கடைசி நேரத்தில் விளம்பரம் வந்தால் பக்கம் கட்டுகிறவர் படித்தெல்லாம் பார்க்கமாட்டார், கீழிருந்து நறுக்கிவிடுவார். அதனால் முதல் அடி விளையாட்டுக்கு விழுந்தது. டயர் விளம்பரம் ஒன்றுக்காக, ஜலசந்தியை ஒன்பது மணி நேரத்தில் நீந்திக் கடந்தவரின் வரி போயிற்று. மதியம் பார்த்தால் பதக்கம் இருந்த கண்ணாடிப் பெட்டியில் அவருடைய பல் செட் இருந்தது. அறுபது வயது மனிதர் குளத்துப் பக்கம் போகவே நடுங்கினார். அடுத்த வருடம் வெட்டு கொஞ்சம் மேலே ஏறி ஒரு நீதிபதியின் பிறந்தநாளைத் தொட்டது. சாப்பாட்டு மேஜையில் அவரோடு பேசிக்கொண்டிருந்த மனைவி பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொண்டார், எதிர் நாற்காலி காலியாக இருந்தது. நினைவு மட்டும் எல்லோருக்கும் அப்படியே இருந்தது, அதுதான் கொடுமை. மறுவருடம் அந்த வரியைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தார்கள். போனவர் போனவர்தான். அதே வருடம் சமையல் எண்ணெய் விளம்பரம் அரைப் பக்கத்தை விழுங்கியதில் வெட்டு வரலாறு வரைக்கும் ஏறியது. எட்டு வருடம் முன்பு படகு கவிழ்ந்து செத்த நால்வர், சட்டை நனையாமல் வீட்டுக்கு வந்து சோறு கேட்டார்கள்.

அன்றோடு ஆசிரியர் விழித்துக்கொண்டார். இனி ஜூன் பதினான்கில் இந்தப் பகுதியில் கத்தரி வைக்கக் கூடாது, எது இருக்கும் எது போகும் என்பது தேதிக்காரர் முடிவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கைகழுவினார். ஆனால் படகுச் செய்தி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. மறுநாளே ஆபீஸ் வாசலில் ஆட்கள் நின்றார்கள். அத்தனை பேரும் பொத்தான் தொழிற்சாலைத் தீயில் ஆளைப் பறிகொடுத்தவர்கள்.

எப்போதும் முதல் வரி அதுதான்: 'பொத்தான் தொழிற்சாலையில் தீ, முப்பத்தொரு பேர் பலி.' தேதிக்காரரின் முதல் மனைவியும் அதில் போனவர், அதனால்தான் அந்த அட்டையை மேலே வைத்தார். பிணவறை வரிசையில் அவருக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள், இயந்திரம் ஓட்டிய தன் கணவனை அடையாளம் காட்ட வந்தவள். பேனா இல்லாமல் தவித்தவளுக்கு இவர் கொடுத்தார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கப் பத்திரிகை ஆபீசுக்கு வந்தவள் அங்கேயே பிழை திருத்தும் வேலையில் சேர்ந்தாள். இரண்டு வருடம் கழித்து இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஒரே மகள். வாசலில் ஆட்கள் வந்து நின்றபோது அவளுக்கு ஆறு வயது. தீ இல்லையென்றால் அந்த வரிசை இல்லை, வரிசை இல்லையென்றால் மகள் இல்லை. இந்தக் கணக்கைப் போட தேதிக்காரருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு பக்கம் முப்பத்தொரு உயிர், மறுபக்கம் ஒன்று. எது நியாயம் என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும், தெரிந்துகொண்டேதான் அந்த வரியை எடுக்க முடியாது என்றார்.

சும்மாவும் இருக்கவில்லை. தீயும் இருக்கட்டும், ஆளும் வரட்டும் என்று குறுக்கு வழி ஒன்று தேடினார். அடுத்த ஜூனில் முப்பத்தொன்றை முப்பது என்று மாற்றினார். ஒருவராவது எழுந்து வருவார், அப்படியே வருடத்துக்கு ஒருவராகக் குறைத்துக்கொண்டே போகலாம் என்பது அவர் நினைப்பு. மதியம் யாரும் வரவில்லை. தீயில் செத்த கொதிகலன்காரரின் கல்லறை மட்டும் காணாமல் போயிற்று. அந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. பதிவேட்டில் அவர் இறந்ததாக இல்லை, உயிரோடும் எங்கும் இல்லை. அவர் மனைவி பூக்களோடு போய்ச் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு நேராக ஆவண அறைக்கு வந்தாள். "அழறதுக்கு ஒரு இடம் இருந்துச்சு. அதையும் வாங்கிட்டீங்களே," என்றாள். மறுவருடம் முப்பத்தொன்று என்று திருத்திப் போட்டும் கல்லறை திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்த வரியில் ஒரு கமாவைக்கூடத் தொட்டதில்லை.

வருடா வருடம் ஜூன் பதின்மூன்றாம் தேதி மாலை அச்சுப்படி மேலே போகும், பிழை திருத்தும் மேஜைக்கு. அங்கே தேதிக்காரரின் மனைவி சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பாள். அவள் ஒரு கோடு இழுத்தால் போதும், முதல் கணவன் வேலை முடிந்து வீடு திரும்பிவிடுவான். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் முதல் வரியை மூன்று தடவை படிப்பாள், பிறகு ஓரத்தில் சரி என்று குறி போடுவாள். வீட்டுக்கு நடந்து போகும் வழியில் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை, வெண்டைக்காய் விலையைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஊர் வாயை மூட முடியுமா? பள்ளிக்கூடத்தில் மகளுக்கு முப்பத்தொண்ணு என்று பெயர் வைத்துவிட்டார்கள். வருகைப் பதிவில் இருந்த பெயரை ஆசிரியைகளே மறந்துபோனார்கள். அவளும் முப்பத்தொண்ணு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். ஒன்பது வயதில் விஷயம் முழுக்கத் தெரிந்தபோது அம்மாவிடம் கேட்டாள்.

"அந்த வரியை அடிச்சுடலாம்னு உனக்குத் தோணினதே இல்லையாம்மா?"

"தோணாம இருக்குமா? ஒவ்வொரு வருஷமும் தோணும். அப்புறம் நாளைக்கு உனக்கு டிபனுக்கு என்ன கட்டுறதுன்னு நினைப்பு வந்துடும்."

அன்றிலிருந்து மகள் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்ததில்லை.

வாசல் கூட்டம் முதல் சில வருடங்கள் அப்படியே வந்தது. பிறகு கரையத் தொடங்கியது. பொத்தான் அறுக்கிறவரின் விதவைக்கு இரண்டாம் கல்யாணத்தில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள், அந்த வருடம் அவள் வரவில்லை. மகனை இழந்த ஒரு தகப்பன், தத்தெடுத்த பையனைத் தோளில் போட்டுக்கொண்டு தெருக்கோடி வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனான். தேதிக்காரரை ஈவிரக்கம் இல்லாதவர் என்று ஏசியவர்களே, இந்த வருடம் அந்த வரி இருக்குமல்லவா என்று காதும் காதும் வைத்தாற்போல் விசாரித்துப் போனார்கள். தீக்குப் பிறகு எல்லோருக்கும் ஏதோ ஒன்று வந்து சேர்ந்திருந்தது.

ஒருத்திக்கு மட்டும் எதுவும் வரவில்லை. பெட்டியில் பொத்தான் அடுக்கிய பத்தொன்பது வயதுப் பெண்ணின் தாய் அவள். புருஷன் முன்பே போயிருந்தான், வேறு பிள்ளை இல்லை. பதினான்காம் தேதி விடிந்ததும் வந்துவிடுவாள். கெஞ்சமாட்டாள், சாபமும் கொடுக்கமாட்டாள். முதல் வரியைப் பார்த்துவிட்டு, "இந்த வருஷமும் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போவாள். எல்லோரும் ஏசிய காலத்தில் தேதிக்காரர் தூங்கினார். இவள் ஒருத்தி மட்டும் வரத் தொடங்கிய பிறகுதான் அவருக்குத் தூக்கம் போயிற்று.

தேதிக்காரரின் மகளுக்குப் பத்தொன்பது வயதான ஜூனில் அவளும் ஆவண அறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அன்று காலை அந்தத் தாய் சுவரைத் தடவிக்கொண்டு படியேறினாள். இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. பத்திரிகையை நீட்டி, யாராவது படித்துக் காட்டுங்கள் என்றாள். தேதிக்காரர் வாங்கக் கை நீட்டினார், பாதியில் இழுத்துக்கொண்டார். மகள் எழுந்து அவளைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பத்திரிகையை வாங்கிக்கொண்டாள். வரி இல்லை என்று படித்துவிடலாம், அந்தத் தாய் மதியம் வரைக்குமாவது சந்தோஷமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படிப் படித்துவிடம்மா என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது, அது எவ்வளவு பெரிய பாவம் என்றும் தெரிந்தது.

மகள் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். "பொத்தான் தொழிற்சாலையில் தீ. முப்பத்தொரு பேர் பலி."

தாய் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு, "நீ தானே அந்தப் பொண்ணு?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"கிட்ட வா."

மகள் குனிந்தாள். தாயின் கைகள் அந்த முகத்தை நெற்றியிலிருந்து மோவாய் வரை அவசரமில்லாமல் தடவிப் பார்த்தன. ஒரு காதுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றன. தன் மகளுக்கு அங்கே இருந்த எதையோ தேடினாள், அது இல்லை போலிருக்கிறது, கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சரி, அடுத்த வருஷமும் நீயே படி," என்றாள்.

மகள் அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கிவிட்டு மேலே வந்தாள். பதினைந்தாம் தேதித் தடுப்பைத் திறந்து அட்டைகளை எடுத்து, வரலாறு, பிறந்தநாள், விளையாட்டு என்று அடுக்க ஆரம்பித்தாள்.