தரை டிக்கட்டும் கராத்தே குடும்பமும்

"டேய் பேச்சிமுத்து, படத்துல வர்ற அந்தக் குடும்பம் கடையில திருட வந்துச்சு, அதான் விரட்டுறாங்கன்னு மைக்குல சொல்லு. இல்லாட்டி இன்னியோட உன் வேலைக்குச் சீட்டுக் கிழிஞ்சிரும்" என்றார் சிவனாண்டி. கொட்டாம்பட்டிப் பக்கத்து டூரிங் டாக்கீஸ் முதலாளி. வெட்கமாவது ஒண்ணாவது!

இங்கிலீஷ் படம் ஓடும்போது மைக்கில் தமிழில் கதை சொல்வது பேச்சிமுத்துவின் வேலை. கூலிக்குக் கதிர் அறுத்த குடும்பத்தில் நிழலில் உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள் அவன்தான். இது போனால் திரும்ப அரிவாளைத் தூக்க வேண்டியதுதான்.

படம் ஒரு கொரியாக்காரக் குடும்பத்தைப் பற்றியது. அசலூர் போய், காலால் அடிக்கிற சண்டையைக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறார்கள். நோட்டீசில் டேக்வாண்டோ என்று போட்டிருந்தது. நம்ம ஊருக்கு எல்லாமே கராத்தேதான். ஒரு காப்பிக்கடைக்குள் அப்பா, அம்மா, மகன் மூணு பேரும் உட்காரப் போக, கடைக்காரன் வாசலைக் காட்டுவான். முதல் நாள் பேச்சிமுத்து, "உங்களுக்கெல்லாம் உள்ள இடமில்ல, வெளிய நின்னு குடிச்சிட்டுப் போங்கங்கிறான்" என்று சொல்லிவிட்டான். இங்கிலீஷ் ஒரு மண்ணும் தெரியாது. அந்த விரலுக்கு அர்த்தம் சொல்ல என்ன படிப்பு வேணுமாம்? விருமாண்டி டீக்கடையில் வெளியே நின்றே குடித்து வளர்ந்த தொண்டை அது.

திரையில் மகன் எட்டி உதைத்து மேசை பறந்ததும் தரை டிக்கட்டு மொத்தமும் மணலை அள்ளி வீசியது. கையில் காசிருந்தாலும் பெஞ்சில் உட்கார முடியாத சனம். பெஞ்சிலிருந்த விருமாண்டி, தன் கடையைத்தான் சொல்கிறான் என்று விறுவிறுவென்று முதலாளியிடம் போனார். அதுக்குத்தான் இந்தத் திருட்டுக் கதை.

மறுநாள் அதே காப்பிக்கடை வந்தது. சிவனாண்டி பக்கத்திலேயே நின்றார். பேச்சிமுத்து மைக்கை வாயருகே இழுத்தான்.

"இந்தக் குடும்பம்... திருட வந்திருக்கு."

பொம்பளைங்க பக்கம் மணலிலிருந்து அவன் பொண்டாட்டி ராமக்காள் எழுந்தாள். "யோவ்! அந்தப் பொம்பள என்னத்தய்யா திருடுனா? நேத்து உள்ளதைச் சொன்ன வாயி இன்னிக்கு எங்க போச்சு?"

அவள்மேல் கோபம் வரவில்லை. தன்மேல்தான் வந்தது. தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா!

"பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க" என்றான் மைக்கில். "இவங்க திருடல. காசு குடுத்துக் காப்பி குடிக்கத்தான் வந்தாங்க. உள்ள உக்காரக் கூடாதுங்கிறான், நம்மள மாதிரியே..."

சிவனாண்டி வயரைப் பிடுங்கினார். "எந்திரிச்சுப் போடா நாயே!"

எழுந்தான். வாசல் பக்கம் போகவில்லை. நேரே பெஞ்சுக்குப் போய் விருமாண்டி பக்கத்தில் உட்கார்ந்தான். மைக் இல்லாமலே தொண்டை கிழிய மீதிக் கதையைச் சொல்லத் தொடங்கினான்.

"எவன் பக்கத்துலடா உக்கார்ற, எந்திரிடா!" விருமாண்டி அவன் சட்டையைப் பிடித்தார்.

"எந்திரிக்க முடியாதுய்யா" என்றான் பேச்சிமுத்து. "படத்தப் பாரு."