எலுமிச்சைக்கு இரண்டாவது சவரம்

முதல் கரண்டியிலேயே தெரிந்துவிட்டது, ஒரு பெரிய பானைத் தண்ணீர் முழுவதையும் நான் பாழாக்கிவிட்டேன்.

சும்மா கசப்பில்லை அது. நாக்கில் பட்டதும் இனிக்கும். எலுமிச்சை மணம் மூக்கில் ஏறும். 'அடடா' என்று சொல்ல வாயைத் திறக்கும் நேரம் பார்த்து, பின்னாலிருந்து வந்து பிடரியில் ஒரு அடி அடிக்கும். அப்படிப்பட்ட கசப்பு.

மெக்சிகோவில், எங்கள் வஹாக்கா ஊரில், எலுமிச்சைத் தண்ணீருக்குச் சாறு பிழிவதில்லை. தோலின் பச்சையை மட்டும் பொடிப்பொடியாகத் துருவி, அதைத் தண்ணீரில் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, சர்க்கரை போட்டு ஐஸை மிதக்கவிட வேண்டும். பச்சைக்குக் கீழே வெள்ளை இருக்கிறது. துருவி அந்த வெள்ளையைத் தொட்டால் போச்சு. எதிர்வீட்டு அம்பாரோ அக்கா முந்தின நாளே இதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். வழக்கமாகத் துருவுகிறவள் அவள்தான். மணிக்கட்டு பிசகிக் கட்டுப் போட்டிருந்ததால் இந்த வருடம் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

"பச்சை போனதும் கையை எடுத்துடணும் நிக்காந்த்ரோ. பழம் மொட்டையாகக் கூடாது, புரியுதா?"

நன்றாகவே புரிந்தது. புரிந்தது தலைக்கு. வேலை செய்தது கை. அந்தக் கை முப்பது வருடமாக இந்தத் தெருவின் கன்னங்களை மழித்துக்கொண்டிருக்கிற கை. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். முதல் தடவை முடி சாய்ந்த திசையில், இரண்டாவது தடவை எதிர்த் திசையில். இரண்டாவது இல்லாவிட்டால் அதற்குப் பெயர் சவரமே இல்லை என்று என் சலூன் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறேன். விடிகாலையில் உட்கார்ந்து, பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி, ஒரு கூடை எலுமிச்சைக்கும் இரண்டாவது சவரம் செய்து முடித்தேன். பழங்கள் வழவழவென்று மின்னின. ஒன்றை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துப் பெருமைகூடப் பட்டேன். முட்டாளுக்கு எவ்வளவு நல்ல காலைப் பொழுது!

அதுவும் எந்த நாளில்? தவக்காலத்தின் நான்காவது வெள்ளியில். கிணற்றடியில் சமாரியப் பெண் இயேசுவுக்குத் தண்ணீர் கொடுத்தாளே, அவள் பெயரால் ஊர் முழுக்கத் தண்ணீர்ப் பந்தல் போடுகிற நாள். கோயில் வாசல், பள்ளிக்கூட வாசல், வக்கீல் ஆபீஸ் வாசல், பஞ்சர் கடை வாசல், எங்கே பார்த்தாலும் பானையும் காகிதப்பூ வளைவும்தான். நண்பகல் மணி அடித்ததும் யாரும் எங்கேயும் போய்க் குவளையை நீட்டலாம், காசு என்ற பேச்சே கிடையாது. அன்றைக்கு இன்னொரு கூடை எலுமிச்சை வேண்டும் என்றால் மரத்தைத்தான் போய்க் கெஞ்ச வேண்டும். சந்தையில் மருந்துக்கும் இருக்காது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எங்கள் தெருப் பந்தலை முன்னின்று நடத்துகிறவள் ஓத்திலியா.

ஓத்திலியா என் சலூனுக்கு மூன்றாவது கடையில் ஆணி, தாழ்ப்பாள், பூட்டு விற்கிறாள். கணவன் இறந்துபோய் ஆறேழு வருடம் ஆகிறது. எனக்கு மனைவி என்று யாரும் வாய்க்கவே இல்லை. நன்றாகப் பேசுவேன் என்று பெயர், ஆனால் பேச வேண்டிய இடத்தில் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும். அவள் கடைக்குப் போவேன், தைரியம் வராது, ஆணி வாங்கிக்கொண்டு திரும்புவேன். என் சலூன் சுவரில் இப்போது இருக்கிற ஆணிகளில் ஒரு படையின் தொப்பிகளை மாட்டலாம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வழியாகக் கேட்டேவிட்டேன்.

"தோன்யா ஓத்திலியா, ஒரு கொண்டி குடுங்க. அப்புறம், என்னைக் கல்யாணம் பண்ணிக்குவீங்களா?"

கொண்டியைக் காகிதத்தில் சுற்றினாள். என்னைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை முடியட்டுமே தோன் நிக்காந்த்ரோ" என்றாள். பெயருக்கு முன்னால் மரியாதைக்குப் போடுகிற 'தோன்', 'தோன்யா' எங்களுக்குள் அதுவரை விட்டுப்போனதில்லை.

எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லமாட்டோம். 'பாக்கலாம்' என்போம், 'ஆண்டவன் விட்டா ஆகட்டும்' என்போம், 'இதோ வந்துட்டேன்' என்று சொல்லிவிட்டு வேறு தெருவுக்குக் குடிபோய்விடுவோம். ஆகவே அவள் சொன்னது 'ஆம்' என்பதன் தொடக்கமா, 'இல்லை' என்பதன் மரியாதையான முடிவா என்று தெரியாமல் ஐந்து நாளாக நான் தூங்கவில்லை. அரைத்தூக்கத்தில் துருவினேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் அரைத்தூக்கத்தில் நான் ஒரு கன்னத்தையும் கிழித்ததில்லை.

முதலில் வந்து மாட்டியவன் அம்பாரோ அக்காவின் புருஷன் ஃபிதென்சியோ. தையல்காரன், என் பழைய நண்பன், என் தலைமுடியைப் பற்றியே என்னிடம் கிண்டல் பேசுகிற ஒரே வாடிக்கையாளன்.

"யோவ், இதைக் குடிச்சிட்டு உண்மையைச் சொல்லு."

குடித்தான். அவனைக் கேட்காமலே ஒரு கண் மூடிக்கொண்டது. "நல்லா சில்லுனு இருக்குய்யா."

"சில்லுனு இருக்குறது ஐஸோட வேலை. தண்ணி எப்படி?"

"கலரு பிரமாதம்!"

"ருசி?"

"வாசனையச் சொல்லு! தெருமுனை வரைக்கும்ல தூக்குது."

"ஃபிதென்சியோ, கசக்குதா இல்லையா?"

"வெயிலுக்கு நல்லது" என்றான். என் தோளைத் தட்டினான். நேரே அவன் மனைவியின் அரிசிப்பால் பானைக்குப் போய், இரண்டு குவளை மடக் மடக்கென்று ஊற்றிக்கொண்டான்.

அம்பாரோ அக்காவாவது சொல்வாள் என்று பார்த்தேன். ஒரு வாய் குடித்து, கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்தபடி வெகுநேரம் வானத்தைப் பார்த்தாள். "மொத தடவைக்கு யாரு இவ்வளவு செய்வா, சொல்லு" என்றாள்.

சர்க்கரையைக் கொட்டினேன். கலக்கினேன். இன்னும் கொட்டினேன். கசப்பு குறையவில்லை, கல்யாண உடுப்பு மாட்டிக்கொண்டு அதே இடத்தில் நின்றது.

அந்த நேரத்தில் ஓத்திலியா ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். கையில் சுத்தியல். உதடுகளுக்கு நடுவே வரிசையாக ஆணிகள். நாணல் வளைவின்மேல் ஏறி, காகிதப்பூச் சரங்களை அறைந்துகொண்டே போனாள். ஊதாவும் சிவப்புமாகப் பூ என் தலைமேல் கொட்டியது. தெருவே சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது, பானைகளுக்கு அடியில் ஈரமணல், சுரைக்குடுவைகள், பின்னாலிருந்து யாரோ ட்ரம்பெட்டை ஊதிப் பார்க்கிற சத்தம். எனக்கு மட்டும் இதயம் ஐஸ் பெட்டிக்குள் இருந்தது.

"தோன்யா ஓத்திலியா, ஒரு வாய் குடிச்சுப் பாருங்களேன்."

அவள் தன் வாயைச் சுட்டிக்காட்டினாள். ஆணி.

ஆணியெல்லாம் தீர்ந்ததும் மறுபடி கேட்டேன்.

"மணி அடிக்கட்டும். எல்லாரோடயும் சேந்து குடிக்கறேன். அந்தச் சரத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க தோன் நிக்காந்த்ரோ."

பிடித்தேன். பிடித்தபடியே மணி அடித்துவிட்டது.

அப்பாடா, என்ன கூட்டம்! தெருவின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தார்கள். குவளையோடு, சொம்போடு, கூஜாவோடு, ஒரு ஆள் பெயின்ட் டப்பாவோடு. வெயில் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. என் பானை வளைவுக்கு நேர் நடுவில் இருந்தது, அதுவும் நல்ல பச்சை நிறத்தில், தளதளவென்று. முதல் வரிசை முழுக்க என்னிடம்தான் வந்தது. நான் ஊற்றினேன், அவர்கள் குடித்தார்கள், வரிசையாகக் கண்கள் சுருங்கின, வரிசையாகப் புகழ்ந்தார்கள்.

"ரொம்பக் குளுமை!"

"கடவுள் உங்க கைக்குப் பலன் குடுக்கட்டும்!"

"உடம்புல ஏதோ சுத்தமாகுற மாதிரி இருக்கு."

ஒரு சின்னப் பெண் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து, "அம்மா, இது ஏன்..." என்று ஆரம்பித்தாள். இதோ, ஊரிலேயே ஒரு நேர்மையான உயிர் என்று நான் முன்னால் குனிந்தேன். அவள் அம்மா ஒரு பன்னை எடுத்து அந்த வாயில் திணித்து, "மாமாவுக்கு நன்றி சொல்லு" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

அப்போதுதான் ஒரு பெரியவர் வந்தார். வெள்ளைத் தொப்பி, கைத்தடி. குடுவையை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போனார், கொஞ்ச நேரத்தில் காலிக் குடுவையோடு திரும்பி வந்து நீட்டினார். எனக்குப் புல்லரித்தது. நிரப்பிக் கொடுத்தேன். மறுபடி வந்தார்! மூன்றாவது தடவை! ஓத்திலியாவின் பக்கம் திரும்பி, பார்த்தீர்களா என்று கண்ணாலேயே சொன்னேன். ஒருவருக்குப் பிடித்தால் போதாதா? ஒரு நாக்கு போதும் எனக்கு. நான்காவது தடவை அவர் போனபோது, ஆசை தாங்காமல் பின்னால் எட்டிப் பார்த்தேன். என் சலூன் வாசலில் இருக்கிற செடித்தொட்டிகளுக்கு ஒன்று விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தொப்பியைத் தூக்கி, "செடிங்க பாவம், வாடிக் கெடக்கு. நல்ல தண்ணிய வீணாக்கக் கூடாது பாருங்க" என்றார்.

அம்பாரோ அக்காவின் அரிசிப்பால் பானை தரைதட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பூசணிச் சாறு தீர்ந்தே போயிற்று. என் பானை மட்டும் நிறைமாதக்காரி மாதிரி அசையாமல் நின்றது. புதிதாக வந்த கூட்டம் என் முன்னால்தான் வரிசை கட்டியது. ஒரு சுமைதூக்கி, நெற்றி வேர்வையை வழித்துவிட்டு, நீலக் குவளையை நீட்டினார். காலையிலிருந்து ஒரு துளி தண்ணீர் இறங்காத முகம். அந்த முகத்துக்கு எப்படி ஊற்றுவது?

எனக்கு என் தொழில் ஞாபகம் வந்தது. முப்பது வருடமாக என் நாற்காலியில் உட்கார்ந்து, 'முடி கொட்டுதா நிக்காந்த்ரோ?' என்று கேட்ட அத்தனை பேரிடமும், 'இல்லையே, நெத்தி அழகா விரியுது' என்று சொன்னவன் நான். ஊர் இன்றைக்கு எனக்குத் திருப்பிச் செய்துகொண்டிருக்கிறது. குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஏணி பக்கத்திலேயே இருந்தது. இரண்டு படி ஏறி, கரண்டியால் பானையின் வயிற்றில் தட்டினேன்.

"ஐயா, அம்மா! இந்தத் தண்ணி கசக்குது! நான்தான் கெடுத்தேன். எலுமிச்சைக்கு ரெண்டாவது சவரம் பண்ணிட்டேன். வெள்ளை வரைக்கும் வழிச்சுட்டேன். தாகத்தோட வந்தவங்க அடுத்த தெருவுக்குப் போங்க, அங்க நல்லா இருக்கும்!"

ட்ரம்பெட்காரன் பாதியில் நிறுத்தினான். பிறகு எல்லாரும் ஒரே குரலில் கத்த ஆரம்பித்தார்கள்.

"கசக்குதா? யாரு சொன்னது?"

"சேச்சே! அமிர்தம்ங்க!"

"அடக்கம் பாருய்யா இந்த மனுஷனுக்கு!"

"ஊத்துய்யா, நான் இன்னொண்ணு குடிக்கறேன்" என்று ஃபிதென்சியோ குடுவையை நீட்டினான். கண்ணில் மரண பயம். நட்பு என்றால் இதுதான், அவன் உண்மையாகவே குடித்தான். மறுபடி அந்த ஒற்றைக் கண் மூடிக்கொண்டது.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. உண்மையைச் சொன்னாலும் இந்த ஊரில் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்! ஏணியின் இரண்டாவது படியில், தலை நிறையப் பூவோடு, கரண்டியும் கையுமாக நின்றேன்.

ஓத்திலியா சுத்தியலைக் கீழே வைத்தாள். கைகளை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டாள். ஃபிதென்சியோவின் கையிலிருந்து குடுவையைப் பிடுங்கி, பானைக்குள் முக்கி, விளிம்புவரை எடுத்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரைக்கும். அவளுடைய எந்தக் கண்ணும் மூடவில்லை. ஆனால் கழுத்து நரம்பு துடித்ததைப் பார்த்தேன்.

குடுவையைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

"கசக்குது" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "வாயில வைக்க முடியல. என் கடைத் துருப்பிடிச்ச பூட்டை ஊறவெச்ச தண்ணிகூட இதைவிட நல்லா இருக்கும்."

கூட்டம் 'ஐயோ' என்றது. அம்பாரோ அக்கா நல்ல கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ, ஐந்து நாளாக மார்பில் கிடந்த பெரிய கல்லை யாரோ தூக்கித் தெருவில் எறிந்த மாதிரி இருந்தது. சுமைதூக்கி முதலில் சிரித்தார். அப்புறம் கூட்டத்துக்குள்ளிருந்து அந்தச் சின்னப் பெண், வாயில் மிச்சமிருந்த பன்னைத் துப்பிவிட்டு, "அதான் நானும் சொன்னேன்!" என்றாள். அப்புறம் தெரு முழுக்கச் சிரிப்பு, ஆளாளுக்கு, "ஆமாங்க, கசப்புதான்!", "வேப்பெண்ணெய் தோத்துது!", "என் நாக்கு இன்னும் வரல!" என்று. அதற்காகக் காத்திருந்த மாதிரி ட்ரம்பெட் பிய்த்து உதறியது. சிரித்துக்கொண்டே குவளைகளை நீட்டினார்கள், வெயிலுக்குக் கசப்பே தேவலை என்று. பானை கீழே இறங்க ஆரம்பித்தது.

நான் படியிலிருந்து இறங்கினேன். இவ்வளவு சத்தத்தில் கேட்டால்தான் உண்டு என்று தோன்றியது.

"தண்ணியப் பத்திச் சொல்லிட்டீங்க. ஞாயித்துக்கிழமை நான் ஒண்ணு கேட்டேனே..."

"வெள்ளிக்கிழமை இன்னும் முடியலையே" என்றாள்.

"ஓத்திலியா!"

அவள் என் தலையிலிருந்து ஒரு காகிதப்பூவை எடுத்துத் தூரப் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

"இந்த ஊர்ல தான் கெடுத்ததைத் தானே ஏணியில ஏறிச் சொன்ன ஆளை நான் இன்னிக்குத்தான் பாக்கறேன், நிக்காந்த்ரோ" என்றாள். 'தோன்' எங்கோ கூட்டத்தில் தொலைந்துபோயிருந்தது. "சரி. பண்ணிக்கறேன். ஆனா துருவியை மட்டும் இனிமே நீ தொடக்கூடாது."