மணமகள் நிற்கும் இடத்தில் ஒரு பள்ளம்

கல்யாண அலங்காரத்தில் எனக்குப் பதினெட்டு வருட அனுபவம். செங்கல்பட்டில் 'ஜெகா டெகரேட்டர்ஸ்' எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். கேட்காவிட்டாலும் என் மனைவி துர்காதேவி சொல்வாள். தெர்மாகோலில் யானை செய்திருக்கிறேன், அன்னம் செய்திருக்கிறேன். ஒருமுறை நான் செய்த மயிலைப் பார்த்து ஒரு குழந்தை, "அம்மா, வான்கோழி" என்றது. அன்றோடு பறவைகளை விட்டுவிட்டேன்.

போன தை மாதம் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குள் நுழைந்தாள். வெட்கமாக்கும் என்று நினைத்தேன். இல்லை, வாசல் நிலை இடிக்கும் என்பதால். நான் ஐந்தடி ஒன்று. அண்ணாந்து பார்த்துவிட்டு, "மொதல்ல உக்காரும்மா" என்றேன். மரியாதைக்காகச் சொன்னதாக அவள் நினைத்திருப்பாள்.

பெயர் தமிழ்ச்செல்வி. ஐந்தடி பதினொன்று. வாலிபால் ஆடி, அதன் பேரிலேயே ரயில்வேயில் வேலை வாங்கியவள். மாப்பிள்ளை ஷ்யாம் கல்பாக்கத்தில் டெக்னீஷியன். முகூர்த்தம் திருக்கழுக்குன்றத்தில். அதற்கு முந்தின மாலை வரவேற்பு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பில். அந்த வரவேற்புதான் என் பொறுப்பு.

"மேடை வேணாம்ணா. ராஜா சோபாவும் வேணாம். மணல் மேலயே பச்ச மேட்டு விரிச்சிடுங்க. எங்க டீமு பழைய நெட்டு ஒன்னு கீது. அத்த பின்னாடி கட்டி, கண்ணிக்குக் கண்ணி பூ கோத்துடுங்க."

"மயிலு கியிலு?"

"ஒன்னியும் வேணாம்."

இருவருக்குமே நிம்மதி.

வாசலில் பெயர்ப் பலகைக்குப் பதில் ஸ்கோர் போர்டு வைக்கச் சொன்னாள். ஷ்யாம் 24, தமிழ்ச்செல்வி 24. "யாரும் ஜெயிக்க வேணாம்ணா. ஆட்டம் போய்கினே இருக்கணும்" என்றாள். பதினெட்டு வருடத்தில் எனக்கு இப்படி ஒன்று தோன்றியதில்லை.

கிளம்பும்போது கதவருகே நின்றாள். "இன்னொன்னுண்ணா. ஸ்கூல்லேர்ந்து எந்த போட்டோ எடுத்தாலும், 'கொஞ்சம் குனிம்மா, முட்டிய மடக்கும்மா'ன்னு சொல்லிகினே இருப்பாங்க. என் கல்யாண போட்டோல நான் நேரா நிக்கணும். அவ்ளோதான் என் ஆச."

"அத்த என்னாண்ட வுடு" என்றேன். இப்படிச் சொல்லித்தான் நான் எல்லாவற்றிலும் மாட்டிக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் ஷ்யாமின் அம்மா செங்கம்மாள் வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். கொஞ்ச நேரம் என் தெர்மாகோல் யானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, என் புள்ள அஞ்சடி நாலு. நிச்சயத்தன்னிக்கே ஒருத்தி கேக்கறா, 'இன்னாக்கா, வூட்ல ஒட்டட அடிக்க ஆளு கொண்டாறியா'ன்னு. பொண்ணு தங்கம்ப்பா, அத்த நான் ஒன்னியும் சொல்லல. ஆனா ஆல்பத்துல என் புள்ள ஒரு வெரக்கடையாச்சும் ஒசரமா தெரியணும். இன்னா பண்ணுவியோ, எனுக்குத் தெரியாது."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. யாராவது என் எதிரே அழுதால் நான் எதற்கும் தலையாட்டிவிடுவேன். ஆட்டினேன்.

அன்று மதியம் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் பேப்பர் வைத்துக் கணக்குப் போட்டேன். இருவருக்கும் ஏழு இன்ச் வித்தியாசம். ஷ்யாம் நிற்கும் இடத்தில் பச்சை விரிப்புக்கு அடியில் நாலு இன்ச்சுக்குப் பலகை. தமிழ்ச்செல்வி நிற்கும் இடத்தில் மணலில் நாலு இன்ச் பள்ளம். ஆக, ஷ்யாம் ஒரு இன்ச் உயரம். முன்னால் முழங்கால் உயரத்துக்கு நீளமாகப் பூத்தொட்டி வைத்துவிட்டால் ஒருவர் காலும் தெரியாது. பெண் நேராக நிற்கலாம், மாமியாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம்.

"அந்தப் பொண்ணாண்ட கேட்டியா?" என்றாள் துர்கா.

"கேட்டுட்டு செஞ்சா அதுக்குப் பேரு டெக்கரேஷனா?"

அவள் சுவரைப் பார்த்தாள். சுவரில் எங்கள் கல்யாணப் போட்டோ. அதில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், அவள் பின்னால் நின்றுகொண்டிருப்பாள். அவள் என்னைவிட இரண்டு இன்ச் உயரம். வீட்டுக்கு வருகிறவர்களிடம், அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வரவேற்பு நாள். நானே சொல்லக் கூடாது, ஆனால் வேறு யார் சொல்வார்கள்? அழகாக இருந்தது. வலையின் ஒவ்வொரு கண்ணியிலும் மல்லியும் கனகாம்பரமும் மாற்றி மாற்றி துர்கா கோத்திருந்தாள். பூவுக்கு நடுவே கடல் சின்னச் சின்னச் சதுரமாகத் தெரிந்தது. காற்று வலையை உப்பவைத்து உப்பவைத்து விட்டது. என் தெர்மாகோல் எதுவும் இப்படி மூச்சு விட்டதில்லை.

மாலை ஐந்து மணிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து நின்றார்கள்.

"இன்னாண்ணா, இங்க பள்ளமா கீது?" என்றாள் தமிழ்ச்செல்வி.

"பீச்சு மணலும்மா. அப்டித்தான் உள்வாங்கும்." மணலில் பத்து வருடம் குதித்தவளுக்கு மணல் பாடம் நடத்தினேன்.

பலகைமேல் நின்ற ஷ்யாமுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா தமிழு, இன்னிக்குக் குட்டியா கீற?" என்று சிரித்தான். அவள் அவன் நெற்றியைப் பார்த்தாள். தன் காலடியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். தோள் இரண்டும் தொங்கிப்போயின. முட்டி தானாக மடங்கியது. நேராக நிற்கட்டும் என்று நான் பள்ளம் தோண்டினால், அவள் அந்தப் பள்ளத்திலும் குனிந்து நின்றாள்.

பத்துப் பன்னிரண்டு போட்டோ ஆனது. ஒன்றிலும் அவள் நிமிரவில்லை.

"பாத்தியா?" என்றாள் துர்கா.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு பக்தவத்சலம் வந்தார். ஷ்யாமின் தாய்மாமன். சாஸ்திரத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் இலையை விட்டு எழுந்துவிடுகிற மனுஷன்.

"இன்னாடா இது அநியாயம்! தாலியே இன்னும் கட்டல, அதுக்குள்ள பொண்ணு எடது பக்கம் நின்னுகினு கீது? தாலி ஏர்ற வரிக்கும் பொண்ணு வலது பக்கம்டா. மாறு, மாறு!"

பதினெட்டு வருடமாக எத்தனை கல்யாணத்தில் இந்த இட மாற்றத்தைப் பார்த்திருப்பேன்! கூட்டல் கழித்தலை ஒழுங்காகப் போட்ட எனக்கு இது மட்டும் மறந்து தொலைத்திருக்கிறது.

"ஐயா, வேணாங்க! லைட்டிங்கு மாறிடும்!" என்று ஓடினேன்.

"லைட்டு வந்து தாலி கட்டுமாய்யா?"

மாறினார்கள். தமிழ்ச்செல்வி பலகைமேல் ஏறினாள். ஷ்யாம் பள்ளத்தில் இறங்கினான். ஏழோடு எட்டு, பதினைந்து இன்ச். ஒன்றேகால் அடி. பூத்தொட்டிக்குப் பின்னால் மாப்பிள்ளை பாதி காணாமல் போயிருந்தான். போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

ஷ்யாம் மெதுவாக அண்ணாந்தான்.

"தமிழு, மேல காத்து எப்டி கீது?"

அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். "சூப்பரா வருது. வறியா?" என்று சொல்லி வெடித்துச் சிரித்தாள். அடுத்த நொடி தோப்பே சிரித்தது. ஷ்யாம்தான் முதலில் அடங்கினான். குனிந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தான்.

"அண்ணாத்த, இன்னாது இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் செங்கம்மாள் முன்னால் வந்தார். "அந்தாள ஒன்னியும் சொல்லாதடா. நான்தான் செய்ய சொன்னேன். நாலு பேரு நாலு விதமா பேசறாங்களேன்னு..."

"எம்மா, பொண்ணு பாக்க வந்தன்னிக்கே நான் அண்ணாந்துதாம்மா பாத்தேன். புடிச்சிதானே சரின்னேன்?"

செங்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் தமிழ்ச்செல்வியின் எதிரே போய் நின்றேன். "தப்பு என்னுதும்மா. நீ கேட்டது ஒன்னு, நான் செஞ்சது ஒன்னு."

"ரெண்டையும் எடுத்துடுங்கண்ணா" என்றாள். "பதினஞ்சு இன்ச்செல்லாம் வேணாம். கீற ஒசரமே போதும்."

வந்தவர்கள் எல்லாரும் பரிசுப் பொட்டலங்களோடு வரிசையில் காத்திருக்க, நான் பட்டு வேட்டியோடு மண்டி போட்டுப் பலகையை உருவினேன், பள்ளத்தைக் கையாலேயே மூடினேன். பக்தவத்சலம் பக்கத்தில் நின்று, "அந்த மூலைல பள்ளம் கீது பாரு" என்று மேற்பார்வை செய்தார். மனுஷனுக்கு அதுவும் சாஸ்திரம்.

முதலில் படமெடுக்க செங்கம்மாளையே கூப்பிட்டார்கள். அவர் நாலடி பத்துதான் இருப்பார். பக்கத்தில் வந்ததும் பழக்க தோஷத்தில் தமிழ்ச்செல்விக்கு முட்டி மடங்கியது. செங்கம்மாள் அவள் முதுகில் கையை வைத்தார்.

"நேரா நில்லும்மா. நான் ஒன்னும் ஒயிஞ்சு போயிட மாட்டேன்."

அவள் நிமிர்ந்தாள். மல்லிக்கும் கனகாம்பரத்துக்கும் மேலே, வலையின் மேல் கயிற்றைத் தொட்டது அவள் கொண்டை. பக்கத்தில் ஷ்யாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். போட்டோக்காரர் அவனைக் கேமராவைப் பார்க்கச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

கடைசியில் எங்களையும் கூப்பிட்டார்கள். விரிப்பில் கால் வைத்ததும் என் கண் நாற்காலியைத் தேடியது. துர்கா என் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"இன்னிக்கும் காய்ச்சலா? நில்லுய்யா."

நின்றேன். மறுநாள் அந்தப் படம் வாட்ஸப்பில் வந்தது. தமிழ்ச்செல்வி நேராக, ஷ்யாம் சிரிப்போடு, துர்கா ஜம்மென்று, பக்கத்தில் நான். கிட்டத்தட்ட துர்காவின் உயரம்.

என் குதிகால் இரண்டும் தரையில் இல்லை. நல்லவேளை, பூத்தொட்டியை அப்புறப்படுத்த எல்லாரும் மறந்துவிட்டார்கள்.